கோத்தகிரி பக்கம்: போதை சிகிச்சைக்கு மலையிலேயே வழி உண்டா? தம்பிக்காகக் கேட்கிறேன்

மலைக்காரி | ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். இந்தக் குழுமத்தில் நான் இதுவரை கேரட் விலையும் கரடி நடமாட்டமும்தான் எழுதியிருக்கிறேன். இன்று வீட்டு விஷயம். நான் யாரென்று யாராவது கண்டுபிடித்தால் தயவுசெய்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு இருபத்தைந்து வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். அங்கே வலி மாத்திரை பழக்கம் வந்திருக்கிறது. முதலில் விழுங்கியிருக்கிறான், பிறகு ஊசி. முழங்கைத் தழும்பைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறான். மாத்திரை இல்லாத நாளில் ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. அப்பா ஜுரம் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஓரிரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான், அப்புறம் மேட்டுப்பாளையம் போய்விட்டு வருவான். வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கீழே ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் விசாரித்தோம். மாதம் இருபதாயிரம், குறைந்தது மூன்று மாதம். "நீங்கள் அழைத்து வர வேண்டாம், ராத்திரி வண்டி அனுப்பி நாங்களே தூக்கிக்கொள்கிறோம்" என்றார்கள். மூன்று மாதமும் போனில் பேச முடியாதாம். அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார். எனக்கு மனது ஒப்பவில்லை.

மலையில் அரசு ஏற்பாடு ஏதாவது உண்டா? இல்லை, கோயம்புத்தூர் இறங்கித்தான் ஆக வேண்டுமா?

---

கட்டபெட்டு கார்த்தி | ஞாயிறு, இரவு 10.15

அக்கா, எங்கள் மாமாவுக்குக் கோவிலில் கயிறு கட்டினோம். அதோடு குடியை விட்டவர்தான். முதலில் அதைச் செய்து பாருங்கள், காசு செலவு இல்லை.

---

ஓ.பி. நர்ஸ் | ஞாயிறு, இரவு 11.30

மலையில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். டூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் தம்பிக்கு இருப்பது அபினி வகை மருந்தின் பழக்கம். டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் மூளையில் வேலை செய்வது ஹெராயின் வேலை செய்யும் அதே இடத்தில்தான். நீங்கள் சொன்ன கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல் எல்லாம் மருந்து நின்றதால் வரும் உடல் துன்பம். வைராக்கியம் இல்லாதவன் என்று அவனைத் திட்டாதீர்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் ஆரம்பித்து இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். சரியாகப் பார்த்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து அரிது. ஆனால் அந்த வலியைப் பொறுக்க முடியாமல்தான் ஆட்கள் மேட்டுப்பாளையம் பஸ் ஏறுகிறார்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது. பியூப்ரெனார்பின் என்று நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை, அரசு அனுமதித்த மையங்களிலும் மருத்துவமனைகளிலும் மட்டும் தருவார்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு எடுத்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய போதை உடம்பில் இருக்கும்போதே இந்த மாத்திரையைக் கொடுத்தால் அந்தத் துன்பம் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். அபினி வகைக்கு அடிமையான ஒருவரை மூன்று மாதம் அடைத்துவைத்து, மருந்து எதுவும் இல்லாமல் வெளியே விட்டால், முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்து. உடம்பு தாங்கும் அளவு குறைந்திருக்கும். கைக்கோ பழைய அளவுதான் நினைவிருக்கும். அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். குடியிலிருந்து வருகிறவருக்கும் இவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. "எல்லாருக்கும் ஒரே மாதிரி 90 நாள்" என்று சொல்கிற மையத்துக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கே போவது: ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கியது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புது மருத்துவமனையும் திறந்தார்கள். மருத்துவக் கல்லூரி என்றால் மனநலத் துறை இருந்தாக வேண்டும். ஓ.பி. சீட்டு போடும்போது "மனநலம்" என்று சொன்னால் போதும், காரணத்தை வரிசையில் நின்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவார். உங்கள் ஊரில் எந்தக் கிழமை என்று சீட்டு கொடுக்கும் இடத்தில் கேளுங்கள்.

போனில் பேச 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், எந்த நேரமும். போதைக்கென்றே மத்திய அரசின் எண் 14446. ஊசி போட்டிருப்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். ஹெபடைடிஸ் சி வந்திருந்தால் அதற்கும் 2018 முதல் தேசியத் திட்டத்தில் இலவச மருந்து உண்டு, பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும்.

கார்த்தி தம்பி, கயிறு கட்டட்டும், நான் தடுக்கவில்லை. மருந்தும் எடுக்கட்டும்.

---

தேயிலை அப்பா | திங்கள், காலை 6.20

நான் ஒரு தகப்பன். நர்ஸ் அம்மா சொல்வதெல்லாம் படித்தவர்களுக்குச் சரி. என் மகனுக்குக் கஞ்சாவும் குடியும். காஸ் சிலிண்டரை விற்றான், அவன் அம்மா தாலிக்கொடியில் கை வைத்தான். ஓ.பி.க்கு வா என்றால் வருவானா? ராத்திரி வண்டி வந்துதான் தூக்கிப் போனார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. நான் பணம் கட்டினேன். அந்தச் சில மாதம் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினோம். அதற்காகவே கட்டலாம்.

மலைக்காரி, உங்கள் அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

---

நீலகிரி வக்கீல் | திங்கள், காலை 8.05

ஐயாவின் வேதனை புரிகிறது. ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே போட்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்த "தூக்கல்" மலையில் சர்வசாதாரணமாகிவிட்டது.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆணையம் இருப்பது சென்னை கீழ்ப்பாக்கத்தில். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒருவர் விருப்பம் இல்லாமல் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும். ஆனால் அதற்கு இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்று முடிவு செய்ய வேண்டும். அதுவும் 30 நாள் வரைதான். அதற்கு மேல் என்றால் வேறு பிரிவு, மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். வண்டி ஓட்டுநரும் இரண்டு தடியர்களும் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. சொந்த உடை உடுத்த உரிமை உண்டு. வீட்டாரோடு போனில் பேசும் உரிமை உண்டு. மூன்று மாதம் போன் கிடையாது என்று ஒரு மையம் வெளிப்படையாகவே சொன்னால், உள்ளே என்ன நடக்கும் என்று யோசியுங்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட மையங்களில் அடிபட்டு ஆள் இறந்த வழக்குகள் உண்டு.

இன்னொரு பயம், போலீஸ். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் 64ஏ என்று ஒரு பிரிவு. போதைப்பொருள் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். ஓ.பி.யில் பெயர் கொடுத்தால் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பி நிறையப் பேர் வருவதே இல்லை.

---

தேயிலை அப்பா | திங்கள், காலை 8.40

வக்கீல் சார், ராத்திரி ஒரு மணிக்கு மகன் கத்தியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் பணம் கேட்கும்போது அந்த இரண்டு நிபுணர்கள் எங்கே இருப்பார்கள்? ஊட்டியிலா, கோவையிலா?

---

நீலகிரி வக்கீல் | திங்கள், காலை 9.10

நியாயமான கேள்வி. அந்த நேரத்துக்கும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும், மனநல மருத்துவராக இல்லாவிட்டாலும், அவசர சிகிச்சை தரலாம். 72 மணி நேரம் வரை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதும் அதில் அடங்கும். அப்படி ஒருவரைப் பாதுகாப்பாக மருத்துவமனையில் சேர்க்கும் கடமை போலீசுக்கும் உண்டு. 108-ஐயும் 100-ஐயும் அழையுங்கள்.

இரவில் கட்டபெட்டுக்கு மேலே ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும் என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

---

குன்னூர் பேசஞ்சர் | திங்கள், பகல் 1.30

இந்த இழையில் நான் பேசாமல் போனால் தப்பு. எனக்கு மது. நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

இரண்டு மையங்களில் இருந்திருக்கிறேன். ஒன்றில் அடி, ஒன்றில் நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்கள் இருந்த இடத்திலிருந்து வந்த பிறகும் குடித்தேன். ஏன் என்று கேட்டால், உள்ளே இருந்தபோது டாக்டர், கவுன்சிலர், காலை யோகா, மாலை கூட்டம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் இருந்தன. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி மேலே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அதே கடை, அதே நண்பர்கள், "என்னடா, உடம்பு தேறி வந்திருக்கே" என்று அதே வரவேற்பு. மறு மாதம் மருந்து வாங்கக் கீழே வரச் சொல்லியிருந்தார்கள். போக வர ஒரு நாள், ஒரு நாள் கூலி நஷ்டம். ஒரு முறை போனேன். மழை, மண்சரிவு, அடுத்த முறை போகவில்லை. அவ்வளவுதான் கதை.

தேயிலை அப்பா அண்ணா, உங்கள் மகன் திரும்பி வந்த பிறகு என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. குத்திக்காட்டக் கேட்கவில்லை. என் அப்பாவும் பணம் கட்டிய மாதத்தைப் பற்றித்தான் பேசுவார்.

என்னைத் தூக்கி நிறுத்தியது ஏ.ஏ. கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பீஸ் கிடையாது, பதிவேடு கிடையாது, முழுப்பெயர் கூடச் சொல்ல வேண்டாம். ஒரு பள்ளிக்கூட அறையில் நாலைந்து பேர், ஒரு பிளாஸ்க் டீ. எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன், சாமி பேச்சு அதிகம் என்று ஓடியவர்களும் உண்டு. குடிக்கிறவரின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. மலைக்காரி அக்கா, தம்பிக்குச் சிகிச்சை கிடைப்பதற்கு முன்பே உங்களுக்கும் யாராவது பேச வேண்டும்.

ஒரு விஷயம், எல்லாரும் கவனியுங்கள். கார்த்திகை வந்தால் மாலை போட்டுக் குடியை நிறுத்துவார்கள் நம் ஆட்கள். தினமும் காலையிலேயே ஆரம்பிக்கிற அளவுக்குக் குடித்தவர் ஒருவர், என்னோடு வேலை செய்தவர், மாலை போட்ட மறுநாள் பூஜையில் வலிப்பு வந்து விழுந்தார். சாமி வந்துவிட்டது என்று சுற்றி நின்று சரணம் போட்டார்கள்.

---

ஓ.பி. நர்ஸ் | திங்கள், மாலை 4.15

குன்னூர் பேசஞ்சர் அண்ணா சொன்னதை ஒவ்வொரு கார்த்திகையிலும் வார்டில் பார்க்கிறோம். வருடக்கணக்கில் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும், இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்ப்பார்கள், ஆள் அடையாளம் தெரியாது. இது உயிரைப் பறிக்கும். குடியை நிறுத்துவதிலேயே சாகிற ஆபத்து உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம், அதோடு வைட்டமின் பி1 ஆன தயமின் ஊசி, இவைதான் வைத்தியம், எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் செய்யக்கூடியது. தயமின் போடாமல் குளுகோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், அதனால் "இவர் குடிப்பவர்" என்று அவசரப் பிரிவில் மறைக்காமல் சொல்லுங்கள். கௌரவம் பார்க்கிற நேரம் அது இல்லை.

இன்னொன்று. ஆளுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் பொடி, சொட்டு மருந்து. டைசல்பிராம் என்ற மாத்திரையைப் பொடி செய்து விற்கிறார்கள் சிலர். அது வயிற்றில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் கீழே விழும், மாரடைப்பு வரை போகலாம். விஷயம் தெரிந்து, சம்மதித்து எடுப்பவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம்.

---

கூடலூரான் | திங்கள், இரவு 8.45

கோத்தகிரிக்காரர்களுக்காவது ஊட்டி பக்கம். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர். பந்தலூர், சேரம்பாடி, எருமாடு என்றால் இன்னும் உள்ளே. அதனால் எங்கள் பக்கம் பாதிப்பேர் சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும்தான் போகிறோம். பிரசவத்துக்குப் போவது போலவே இதற்கும். கேரளத்தில் 2016-ல் விமுக்தி என்று ஒரு இயக்கம் ஆரம்பித்து மாவட்டத்துக்கு ஒரு போதை மீட்பு மையம் வைத்தார்கள். கலால் துறையே முன்னின்று நடத்துகிறது. அங்கே போகும் எங்கள் ஆட்களுக்கு மலையாளம் பேச வரும் என்பதால் கவுன்சிலிங் ஓடுகிறது.

ஆனால் இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லைன் வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. எல்லையைத் தாண்டினால் மொழியும் தெரியாது, ஆளும் தெரியாது. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளை இன்னும் மோசம் என்று சொல்வேன், ஏனென்றால் அங்கே குடியை அவர்களின் குணம் என்றே மற்றவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். கூலியில் ஒரு பகுதியைச் சரக்காகவே கொடுத்த முதலாளிகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-ல் வந்தது. அதற்கு முன்பே அந்தச் சமூகத்து ஆட்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். கட்டடம் பிறகு, ஆட்கள் முதலில். போதைக்கும் அதே வழிதான் சரிப்படும் என்பது என் கட்சி. ஊட்டியில் எத்தனை படுக்கை போட்டாலும் எருமாட்டிலிருந்து எவனும் மாதாமாதம் வரமாட்டான்.

---

மேல்மலை பூண்டு | திங்கள், இரவு 10.20

நீலகிரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், உங்களுக்கு மாவட்டத் தலைநகரமே மலையில் இருக்கிறது. நான் கொடைக்கானல் மேல்மலை. மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை எல்லாம் எங்கள் பக்கம். எங்களுக்குக் கொடைக்கானல் வருவதே ஒரு பயணம். அங்கிருந்து மனநல மருத்துவருக்காக வத்தலக்குண்டு இறங்கித் திண்டுக்கல், இல்லாவிட்டால் தேனி, மதுரை. திண்டுக்கல்லுக்கும் உங்களோடு 2022-ல்தான் மருத்துவக் கல்லூரி வந்தது. காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டாலும் ஓ.பி. மூடும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருவோம். அன்றைக்கே திரும்ப முடியாது.

வெளியூர்க்காரர்களுக்குக் கொடைக்கானல் என்றால் போதைக் காளான். அதைத் தேடி வரும் பையன்கள், அதைக் காட்டிக் கொடுத்துக் காசு பார்க்கும் உள்ளூர்ப் பையன்கள். காளானில் குடியைப் போல உடல் அடிமைத்தனம் வராது என்று சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனால் காளான் காட்டப் போன பையன் கஞ்சாவில் ஆரம்பித்து, டூரிஸ்ட் விட்டுப்போன மாத்திரை வரை வந்து நிற்கிறான். பத்திரிகையில் வருவது ரெய்டு செய்தி. அந்தப் பையனை யார் கொண்டுபோய் எங்கே சேர்த்தார்கள் என்று ஒரு வரி வந்ததில்லை.

பூண்டு அறுவடை முடிந்து கையில் பணம் வரும் மாதம் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

---

கட்டபெட்டு கார்த்தி | செவ்வாய், காலை 7.30

நம் நீலகிரி மாவட்டத்தில் காலி மது பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திருப்பித் தருகிறார்கள். 2022-ல் கோர்ட் சொல்லி முதலில் இங்கேதான் ஆரம்பித்தார்கள். காட்டில் பாட்டில் கிடந்தால் யானைக்குக் கால் கிழியும் என்று. நல்ல காரியம். பாட்டிலைத் திரும்ப வாங்க ஒவ்வொரு கடையிலும் ஆள் போட முடிந்திருக்கிறது, குடித்தவனைத் திரும்ப வாங்க எங்கே ஆள்?

---

புள்ளிவிவரம் | செவ்வாய், காலை 11.00

கார்த்தி கிண்டலாகக் கேட்டதற்குக் கணக்கு இருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் எடுத்த தேசிய ஆய்வு, 2019-ல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். தங்கிச் சிகிச்சை பெற்றது 180-க்கு ஒருவர். மீதிப்பேர் மையத்தின் வாசலையே மிதிக்காதவர்கள். ஆக நாம் இங்கே வண்டி அனுப்பலாமா, அனுப்பக் கூடாதா என்று சண்டை போடுவது அந்த ஒருவரைப் பற்றி.

மாநில அரசு 2025 தொடக்கத்தில் "கலங்கரை" என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு, மனநல மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. மத்திய அரசு நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் தனி, அவற்றிலும் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பக்கத்தில் எது என்று அரசின் சுகாதார உதவி எண் 104-ல் கேட்கலாம். இருபதாயிரம் கட்டுவதற்கு முன் இவை இரண்டையும் விசாரித்துவிடுங்கள். விளம்பரம் செய்வது தனியார்தான் என்பதால் இவை கண்ணில் படுவதில்லை.

மலைக்குப் பொருந்தும் என்று எனக்குப் பிடித்த முன்மாதிரி வேறு ஒன்று உண்டு. சென்னையில் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, டி.டி.கே. மருத்துவமனை என்று சொல்வார்களே, அவர்கள் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராமத்துக்கே போய்ப் பதினைந்து நாள் முகாம் நடத்தினார்கள். டாக்டரும் கவுன்சிலரும் ஊருக்கு வருவார்கள், இடமும் சாப்பாடும் ஊர் ஏற்பாடு. பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகக் குடியை நிறுத்துவார்கள், ஒருவருக்கொருவர் துணை. நம் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், சமுதாயக் கூடம் இல்லாத ஊரே இல்லை.

---

குன்னூர் பேசஞ்சர் | செவ்வாய், பகல் 1.45

முகாம் நல்ல யோசனை. முகாம் முடிந்த பதினாறாம் நாள் யார் வருவார்கள்? மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், மன்னியுங்கள்.

---

கூடலூரான் | செவ்வாய், பகல் 2.10

மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து ஓடுகிறது. சுகர், பிரஷர் மாத்திரையைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன் மாத்திரையையும் அந்தப் பையிலேயே போட்டு அனுப்பினால் என்ன? வரும்போது "எப்படி இருக்கே" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

---

மலைக்காரி | செவ்வாய், மாலை 6.30

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் தம்பியோடு உட்கார்ந்து படித்தேன். ஆமாம், அவனோடுதான்.

கூடலூரான் அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு சங்கடம். எங்கள் ஊருக்கு மாத்திரை கொண்டு வருகிற தன்னார்வலர் எங்கள் சித்தி மகள். நல்லவள்தான். ஆனால் அவள் பையில் தம்பி பெயர் எழுதிய கவர் இருந்தால் சாயங்காலத்துக்குள் மூன்று ஹட்டிக்குத் தெரியும். இவனுக்குப் பெண் பார்க்கிற பேச்சு இப்போதே நின்றுவிட்டது, அடுத்து என் கல்யாணம். கோவைக்குப் போனால் தூரம், வீட்டு வாசலுக்கு வந்தால் மானம். நடுவில் எங்காவது, கோத்தகிரி பஜாரில், பல் டாக்டருக்குப் போகிற மாதிரி போய்விட்டு வரும்படி ஓர் இடம் இருந்தால் போதும். காய்கறி மண்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வரலாம்.

---

ஓ.பி. நர்ஸ் | செவ்வாய், இரவு 9.00

மலைக்காரி சொன்னதை அப்படியே எங்கள் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். தாலுகா மருத்துவமனைக்கு டாக்டர் வரும் நாளிலேயே போதை மருந்துகளையும் கொடுப்பது, சந்தை நாளில் வைப்பது, அறையின் வாசலில் "போதை மீட்பு" என்று பெரிய போர்டு மாட்டாமல் இருப்பது. இதற்குப் பணம் அவ்வளவு ஆகாது. பியூப்ரெனார்பின் மட்டும் சிக்கல். ஆரம்பத்தில் ஆள் எதிரிலேயே கரைய வைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், வெளியே விற்றுவிடக்கூடும் என்பதால். தினமும் மலையில் யாரால் வர முடியும்? ஆள் நிலையாக இருக்கிறார், வீட்டில் பொறுப்பான ஒருவர் இருக்கிறார் என்று டாக்டருக்கு நம்பிக்கை வந்தால் சில நாள் மருந்தைக் கையில் கொடுப்பதும் உண்டு. அந்த முடிவு அவருடையது. கேட்பதில் தவறில்லை.

---

தேயிலை அப்பா | புதன், காலை 6.05

குன்னூர்க்காரர் கேட்டதற்குப் பதில். திரும்பி வந்தான். கொஞ்ச நாள் நன்றாக இருந்தான். இப்போது பழையபடிதான். இன்னொரு முறை கட்ட என்னிடம் பணம் இல்லை, தோட்டத்தில் பச்சைத் தேயிலை விலை உங்களுக்கே தெரியும்.

அந்தக் கூட்டம் எந்தக் கிழமை? மகனுக்கு இல்லை, வீட்டாருக்கு என்று சொன்னீர்களே, அது.

---

குன்னூர் பேசஞ்சர் | புதன், காலை 6.40

அண்ணா, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். முதல் முறை நானே வந்து அழைத்துப் போகிறேன்.

---

மலைக்காரி | அடுத்த வாரம், வியாழன், இரவு 8.20

போய் வந்தோம். தம்பி தானாகவே கிளம்பினான், அதற்குக் காரணம் சட்டமா, கயிறா, அந்தக் கால் குடைச்சலா தெரியவில்லை. டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனோடு அரை மணி நேரம் பேசினார். மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் கொடுத்தாயிற்று. இப்போதைக்கு அடிக்கடி வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்புறம் இடைவெளி கூட்டலாமாம். அவன் முகத்தில் ரொம்ப நாள் கழித்து எரிச்சல் இல்லாத ஒரு களை.

பஸ் விஷயம்: 2024-லிருந்து மலையிலும் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்கு இலவசம், சிகிச்சைக்குப் போகிறவனுக்கு டிக்கெட். அதைக்கூடக் கொடுத்துவிடலாம். போகிற ஒவ்வொரு நாளும் கூலி போகிறது, அதற்குத்தான் வழி தெரியவில்லை. பக்கத்துத் தேயிலை ஃபாக்டரியில் நைட் ஷிப்ட் கேட்டிருக்கிறோம்.

அம்மா நகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அந்த மையத்திலிருந்து இன்னும் போன் வருகிறது, "இந்த வாரம் வண்டி உங்கள் பக்கம் வருகிறது, தள்ளுபடி உண்டு" என்று.

---

நீலகிரி வக்கீல் | வியாழன், இரவு 8.50

அந்த எண்ணையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். நேரில் பேசுவோம்.

---

மஞ்சூர் பனி | வெள்ளி, இரவு 9.15

இழை முழுவதும் படித்தேன். என் அப்பா, மது, காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். இப்போது வருகிறேன் என்கிறார். திங்கட்கிழமை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். ஞாயிறு முழுக்கக் குடிக்காமல் சுத்தமாக வைத்துக் கூட்டிப் போக வேண்டுமா? என்ன எடுத்துப் போக வேண்டும்?

---

ஓ.பி. நர்ஸ் | வெள்ளி, இரவு 10.40

வேண்டாம் தம்பி, வீட்டில் நீங்களாக நிறுத்த வேண்டாம். மேலே வலிப்பு பற்றி எழுதியது அதற்குத்தான். எப்போதும்போல் இருக்கட்டும், அப்படியே அழைத்து வாருங்கள். ஆதார், பழைய சீட்டுகள், சுகர் பிரஷர் மாத்திரை இருந்தால் அட்டையோடு. கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை எழுதி வையுங்கள். முன்பு வலிப்பு வந்ததுண்டா, கீழே விழுந்து தலையில் அடிபட்டதுண்டா என்பதையும். சேர்த்துக்கொண்டால் கூட ஒருவர் தங்க வேண்டும், குளிருக்கு இரண்டு கம்பளி. ஞாயிறு இரவே நடுக்கமோ உளறலோ அதிகமானால் திங்கள்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.